துணை நடிகர் தூங்குகிறார்

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பொய்யென்று யாராவது காட்டிவிட்டால், சொல்கிற நாக்கை அறுத்துக் கொடியில் காயப்போட்டுவிடலாம். அதற்கு வேண்டிய கிளிப்பும் இங்கேயே தரப்படும். நடந்தது நடந்தபடி, கஞ்சி போடாமல், நீலம் முக்காமல் சொல்லப்படுகிறது.

கடைத்தெரு முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் அந்தச் சலவைக்கடை இருந்தது. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு துணித்திரை. தொட்டியும் துவைகல்லும் கிடந்த பின்கட்டு நாத்தனாரின் ராஜ்யம். கறை என்றால் அவளுக்கு ஜென்மப் பகை. மையோ எண்ணெயோ துருவோ, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போகிற மாதிரிதான் இறங்குவாள். முன்பக்கத்துத் தேய்ப்பு மேசை அவளுடைய தம்பி பெண்டாட்டியின் ராஜ்யம். சின்னவர் பெரியவர் பாராமல் தெருவே அவளை அக்கா என்றது. கரிப்பெட்டியைத் தூக்கி அடியில் ஈர விரலால் ஒரு தட்டு. அது போடுகிற 'சுர்' சத்தத்திலேயே இப்போது பருத்தி போடலாமா, மெல்லிசு போடலாமா என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும்.

அக்காவின் புருஷன் இந்த இரண்டு ராஜ்யங்களுக்கும் பொதுவான பாரம். மனிதர் கெட்டவரல்ல. குடி கிடையாது, சீட்டு கிடையாது. தேய்த்து அடுக்கிய துணியின் இளஞ்சூடு என்றால் மட்டும் ஒரு சபலம். விரிப்புகளும் போர்வைகளும் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறியதும் அதன் மேல் சாய்வார், சாய்ந்தால் போயிற்று. ஒருமுறை எதிர்க்கடைக்குத் தீப்பிடித்து, மணியடித்துக்கொண்டு வண்டி வந்து, கடை தவறிச் சலவைக்கடைக்குள் குழாயை நீட்டித் தண்ணீர் அடித்துவிட்டார்கள். அவர் புரண்டு படுத்து, ஈரப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தெருவில் அவருக்குத் தலகாணி என்று பேர்.

அவர் தூங்கத் தூங்க அக்கா திட்டுவாள். தேய்ப்பின் தாளத்தில்தான் அந்தத் திட்டு போகும். பெட்டி முன்னே போகும்போது அவருடைய அப்பா வழி, பின்னே வரும்போது அம்மா வழி. தொட்டியடியில் இருக்கும் நாத்தனார் அப்பா வழியைப் பொறுத்துக்கொள்வாள். அம்மா வழி வந்தால் துணியைக் கல்லில் ஓங்கி ஒரு அடி அடிப்பாள். தள்ளி நின்று கேட்கிறவர்களுக்கு அது ஒரு கச்சேரி மாதிரியே இருக்கும்.

மத்தியானம் இரண்டு மணிக்குச் சீரியல். அந்த நேரத்தில் கடையில் சட்டை தேய்க்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டைக்குக் கழுத்துப்பட்டி உண்டு, பொத்தான் உண்டு. கண் துணியில் இருக்க வேண்டும். விரிப்பு, துண்டு, கைக்குட்டை இவற்றுக்குக் கை போதும். ஆகவே காலையிலிருந்தே தட்டையான துணிகளை எல்லாம் இரண்டு மணிக்கென்று எடுத்து வைப்பாள். பக்கத்துச் சலூன்காரர் கத்தரிக்கோலைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிடுவார். பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் பின்னாலேயே வருவார். ஆஸ்பத்திரியில் காலை வேலை முடித்து வரும் நர்சம்மா அழுக்கு உடுப்பைப் போட வந்து அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிடுவாள். நாத்தனார் கை ஈரத்தைத் துடைத்தபடி திரையோரம் நிற்பாள்.

சீரியல் கதை இதுதான். ஒரு பெரிய வீடு. வீட்டுப் பெரியவரை மாடிப்படியிலிருந்து யாரோ தள்ளிவிட்டார்கள். அவர் நினைவில்லாமல் கட்டிலில் கிடக்கிறார். மகன், மருமகள், தம்பி, வைத்தியம் பார்க்கிற டாக்டர் என்று ஒவ்வொருவராக வந்து கட்டிலருகில் உட்கார்ந்து அவரவர் செய்த பாவத்தை அவர் காதில் சொல்லி அழுதுவிட்டுப் போவார்கள். பெரியவராகக் கிடந்தது அக்காவின் புருஷன்.

அவர் நடிகரான கதையைக் கேட்டால் சிரிப்பார்கள்; ஆனால் அதுவும் நிஜம்தான். ஸ்டூடியோவின் திரைச்சீலைகளும் விரிப்புகளும் இந்தக் கடையில்தான் வெளுத்தன. பெரியவர் வேஷத்துக்கு முதலில் வந்த நடிகருக்கு நாடகமேடையில் நாற்பது வருட அனுபவம். பாவம், மற்றவர்கள் வசனம் பேசும்போது அவருக்கு உதடு துடித்துவிடும். ஸ்டூடியோ மேனேஜர் தலையில் கைவைத்துக்கொண்டு துணி எடுக்க வந்தார். கட்டின மூட்டை வழக்கத்தைவிடக் கனத்தது. அங்கே போய்ப் பிரித்தால் உள்ளே விரிப்புகளோடு தலகாணி. எழுப்பிப் பார்த்தார்கள், முடியவில்லை. டைரக்டர் ஒரு நிமிஷம் பார்த்தார். அப்படியே தூக்கிக் கட்டிலில் போடச் சொல்லி, விளக்கைப் போடச் சொன்னார். சாயங்காலம் அவர் கண் விழித்தபோது இரண்டு எபிசோடு எடுத்து முடித்து, எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எதற்கென்று தெரியாமல் அவரும் கூடச் சேர்ந்து தட்டினார்.

அதிலிருந்து இரண்டு மணியானால் சலவைக்கடையில் ஒரே ஆராய்ச்சிதான்.

"பேசறவனுக்கு வசனம் எழுதிக் குடுத்துடறாங்க," என்றார் சலூன்காரர். "கேக்கறவனுக்கு யாரு எழுதிக் குடுப்பா? அத்தனையும் சொந்தச் சரக்கு."

"என்ன சொந்தச் சரக்கு? பத்து வயசுலேருந்து எங்க வீட்ல ஓசியில காட்டின வித்தை." நாத்தனார் தன் தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. "தூங்கற மாதிரி நடிச்சா அது நடிப்பு. தூங்கிட்டா அது தூக்கம். நடிப்புன்னா அந்த டாக்டரா வர்றவரு. எப்படி அழறாரு."

"அப்ப அந்த டாக்டர் நெஜமாவே அழுதுட்டா அது நடிப்பு இல்ல, அழுகைன்னு தள்ளிடுவியா?" என்றார் சலூன்காரர்.

"அவரு எங்க நெஜமா அழறாரு?" என்றாள் நர்சம்மா. "ஒரு கண்ணுலதான் தண்ணி வருது. இன்னொரு கண்ணு காமிரா எங்கன்னு தேடுது. எங்க வார்டுல நெஜமா நெனவில்லாம கெடக்கறவங்க இருக்காங்க. அவங்ககூட இவ்ளோ நம்பிக்கையா படுக்கறதில்ல."

"ஒத்தக் கண்ணால அழறது லேசுன்னு நெனச்சீங்களா?" என்றாள் நாத்தனார். " எங்க, அழுது காட்டுங்க."

கொஞ்ச நேரம் கடையில் எல்லோரும் ஒற்றைக் கண்ணால் அழ முயன்றார்கள். நுரை வாடிக்கையாளருக்கு மட்டும் ஓரளவு வந்தது. சோப்பு கண்ணில் பட்டதால்தான் வந்தது என்று அதையும் சலூன்காரர் செல்லாது என்றுவிட்டார்.

அக்கா வாயைத் திறக்கமாட்டாள். அவள் பார்வை கட்டிலில் விரித்த விரிப்பின் மேல் இருக்கும். பெரியவர் மாதக்கணக்காகக் கிடக்கிறார் என்றால் முதுகுக்குக் கீழே கசங்கியிருக்க வேண்டும். மற்ற சீரியல்களில் நோயாளி கிடக்கிற கட்டிலில் ஒரு சுருக்கம் இருக்காது. இவர் கிடந்த இடம் மட்டும் கசங்க வேண்டிய விதத்தில் கசங்கியிருந்தது. அதைப் பார்க்கும்போது அக்காவுக்கு உள்ளே என்னவோ செய்யும். இத்தனை வருஷம் தெருவில் தலையைக் குனிந்துகொண்டு போனவள் அவள். தூங்குமூஞ்சிக்கு வாக்கப்பட்டவள் என்று காய்கறிக்காரி முதற்கொண்டு பரிதாபப்படுவாள். அந்தப் பரிதாபத்தில் ஒரு வெங்காயம் கூடுதலாகப் போடுவாள். இப்போது அதே காய்கறிக்காரி, பெரியவருக்கு எப்போது நினைவு வரும் என்று இரகசியமாகக் கேட்டு, இரண்டு வெங்காயம் போடுகிறாள்.

வருஷ முடிவில் விருது அறிவித்தார்கள். சிறந்த துணை நடிகருக்கு மூன்று பேர். டாக்டராக வருகிறவர் ஒருவர், காலை சீரியலில் ஊமை வேலைக்காரராக வருகிறவர் ஒருவர், மூன்றாவது பெரியவர். திரையில் அவர் முகம் வந்ததும் சலூன்காரர் எழுந்து நுரை வாடிக்கையாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நுரை இருவருக்கும் பொதுவாயிற்று. நாத்தனார் மட்டும் தொட்டியடிக்குப் போய், ஏற்கெனவே வெளுத்த துணியை எடுத்து இன்னொரு தடவை வெளுத்தாள்.

ஒவ்வொருவரும் ஒரே ஒரு எபிசோடைத் தேர்ந்து நடுவர்களுக்கு அனுப்ப வேண்டுமாம். எதை அனுப்புவது என்பதில் கடை இரண்டாகப் பிளந்தது. கட்டிலின் மேலேயே சொத்துச் சண்டை நடந்து, மகனும் தம்பியும் பெரியவர் மேல் புரண்ட எபிசோடு என்று நர்சம்மா நின்றாள். சலூன்காரருக்கு மூக்கில் ஈ உட்கார்ந்த எபிசோடுதான். ஸ்டூடியோவுக்குள் தற்செயலாக வந்த ஈ ஒன்று பெரியவர் மூக்கில் உட்கார்ந்து, மூக்கிலிருந்து உதட்டுக்கு நடந்து, அங்கே நின்று கை கழுவிக்கொண்டு போனது. பெரியவர் அசையவில்லை.

"அதுல நடிச்சது ஈ. அவார்டு அதுக்குத்தான் குடுக்கணும்," என்றாள் நாத்தனார்.

எந்த வாதமும் பலிக்கவில்லை. இனி வரப்போகிற ஒரு மாசத்து எபிசோடுகளில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும் என்று விதி சொல்லியது. பரவாயில்லை, அவர் என்ன, இன்னும் ஒரு மாசம் தூங்கமாட்டாரா என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அக்கா சிரிக்கவில்லை. அவளுக்குப் பொறுப்பு வந்துவிட்டது. விருதுக்குப் பேர் சொல்லப்பட்ட மனிதரை வாய்க்கு வந்தபடி பேசுவது முறையாகாது என்று தீர்மானித்தாள். அதுவரை அவர் அவளுக்கு 'யோவ்'. அன்றைக்கு மத்தியானத்திலிருந்து 'ஏங்க' ஆனார். முதல்முறை அவள் 'ஏங்க' என்றபோது பின்னால் வேறு யாரோ நிற்கிறார்களோ என்று அவர் திரும்பிப் பார்த்தார். சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் சத்தமில்லாமல் வைத்தாள். முட்டை இரண்டு பொரித்து, இரண்டையும் அவருக்கே போட்டாள். தேய்க்கும்போது பெட்டி முன்னே போயிற்று, பின்னே வந்தது. வாய் மூடியே இருந்தது. ஸ்டூடியோவுக்குப் போகிற விரிப்புக்கும் தலையணை உறைக்கும் இரட்டைக் கஞ்சி போட்டு, மடித்தால் பலகை மாதிரி நிற்க வைத்து அனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்டது. கொடியெல்லாம் உள்ளே வந்தது. கடைக்குள் நடக்க ஈரச் சட்டைகளைக் கதவு மாதிரி விலக்கிப் போக வேண்டியிருந்தது. காயாத துணியின் நாற்றம், கரிப்புகை, தேநீர் கொதிக்கிற வாசனை எல்லாம் கலந்து கிடந்த அந்த வாரத்தில், ஒரு மத்தியானம் அக்கா திரும்பிப் பார்த்தபோது, அவர் போர்வைக் குவியலின் மேல் உட்கார்ந்து கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் நிலைமை முற்றி, அவர் எழுந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டார். கொடியில் கிடந்த சட்டைகளை எடுத்து மடித்தார். கை ஒரு பக்கம், கழுத்து ஒரு பக்கமாக அவர் மடித்து வைத்ததைப் பார்த்ததும் அக்கா கரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். நாத்தனார் தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இந்த வம்சத்தில் இப்படி யாருக்கும் வந்ததில்லை என்றாள்.

ஸ்டூடியோவிலும் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார், அவ்வளவுதான். அது சீரியலில் அப்படியே தெரிந்தது. கடையில் விமரிசனம் கடுமையாயிற்று.

"இன்னிக்கு இமை நடிக்குது," என்று சலூன்காரர் வருத்தத்தோடு சொன்னார்.

"மூச்சுலயும் மிகை," என்றாள் நர்சம்மா. "போன மாசம் மயங்கிக் கெடந்தாரு. இந்த மாசம், பாருங்க நான் எப்படி மயங்கிக் கெடக்கறேன்னு கெடக்கறாரு."

இவ்வளவு நாள் இதையே சொல்லிக்கொண்டிருந்த நாத்தனாருக்கு இப்போது கோபம் வந்தது. படுத்துப் பார்த்தால்தானே தெரியும், உட்கார்ந்துகொண்டு வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு பிடி பிடித்துவிட்டு உள்ளே போனாள்.

வைத்தியம் பலவிதமாக நடந்தது. நர்சம்மா சூடான பால் குடிக்கச் சொன்னாள். குடித்தார், பால் நன்றாக இருந்தது என்றார். சலூன்காரர் தன் தொழில் இரகசியத்தையெல்லாம் இறக்கித் தலையைப் பிடித்துவிட்டார்; கொஞ்ச நேரத்தில் சலூன்காரர் தூங்கிப்போய், அவரை அவருடைய கடையில் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டியதாயிற்று. கொண்டுபோய் வைத்தது தலகாணிதான். கஞ்சிதான் உறுத்துகிறது என்று அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. விரிப்புகளைப் பிழிந்து கஞ்சி நீக்கி, குழந்தைத் துணி மாதிரி மெத்தென்று தேய்த்து அனுப்பிப் பார்த்தாள். அதுவும் பலிக்கவில்லை.

"என்னங்க பண்ணுது உங்களுக்கு?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

அவர் யோசித்தார். "ஒண்ணும் பண்ணல. வீடுதான் ரொம்ப அமைதியா இருக்கு," என்றார்.

அதை அக்கா பாராட்டாக எடுத்துக்கொண்டு, சலூன்காரரும் நர்சம்மாவும்கூடக் கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டாள்.

மேனேஜர் குடையோடு வந்து நின்றார். டைரக்டருக்குப் பொறுமை போய்விட்டதாம். நாளைக்கு எடுக்கப்போவது டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்து பெரிய உண்மையைச் சொல்கிற காட்சி. பெரியவர் மறுபடி இமையைத் துடிக்கவிட்டால் இந்த வாரமே பெரியவரை முடித்துவிடுவதென்று எழுதி வைத்துவிட்டார்கள். முடித்துவிட்டால் இந்த மாசத்தில் அனுப்ப ஒரு எபிசோடும் தேறாது.

"முடிக்கறதுன்னா?" என்று கேட்டாள் அக்கா.

"வலியெல்லாம் இருக்காதும்மா. ஒரே எபிசோடுல போயிடுவாரு."

அக்கா கரிப்பெட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். விருது போனால் போகட்டும். வெங்காயம் போனாலும் போகட்டும். கட்டிலில் கிடந்து சந்தோஷமாக இருந்த மனிதர் அவர். அந்த ஒரு வேலைதான் அவருக்கு வரும். அதுவும் போய், கண்ணைத் திறந்துகொண்டு சட்டை மடித்துக்கொண்டு மிச்ச ஆயுசையும் கழிக்கப்போகிறாரா? நாளைக்கு விரிப்புகளைத் தானே கொண்டுவருவதாக மேனேஜரிடம் சொன்னாள். காயாத விரிப்புகளை அடுப்புக்கு மேலே ஒவ்வொன்றாகப் பிடித்துக் காயவைத்துத் தேய்த்தாள். நாத்தனார் தானாக வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் அந்தப் பெரிய வீடு எப்படி இருந்தது என்றால், மூன்று சுவர் இருந்தது. நான்காவது இல்லை, கூரையும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தோட்டம் துணியில் எழுதியது. துவைத்துப் பல வருஷமாகியிருக்கும் என்று, கூட வந்த நாத்தனார் பார்த்த பார்வையில் தெரிந்தது. நடுவில் கட்டில். கட்டிலில் அவர். டாக்டராக நடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, 'உங்களைத் தள்ளிவிட்டது யார் தெரியுமா' என்று தொடங்குவார். பெரியவரின் இமை துடிக்கும். டைரக்டர் நிறுத்தச் சொல்வார். மறுபடி தொடங்குவார்கள். டாக்டரின் அழுகிற கண் வற்றிப்போய், மற்ற கண்ணைக் கேட்டுப் பார்த்தார், அது சம்மதிக்கவில்லை. அவர் கோபத்தோடு தண்ணீர் குடிக்கப் போனார்.

அக்கா கட்டிலருகே போனாள். அவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கன்னம் ஒட்டியிருந்தது. ஏதாவது நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தவள், கட்டிலுக்குப் பக்கத்தில் தான் கொண்டுவந்து வைத்த விரிப்புக் கட்டைப் பார்த்தாள். மேலே இருந்த வெள்ளை விரிப்பின் நட்டநடுவில் ஒரு தேநீர் டம்ளர். அதை எடுத்துப் பார்த்தாள். அடியில் வட்டமாகக் கறை.

"யோவ்," என்றாள்.

டைரக்டர் அந்தப் பக்கம் 'ஸ்டார்ட்' சொல்லி காமிரா ஓட ஆரம்பித்திருந்தது. டாக்டர் கட்டிலருகே வந்து உட்கார்ந்துவிட்டார். அக்கா எதையும் பார்க்கவில்லை.

"யோவ், இது என்ன டீக்கடை மேசையா? மழையில காயாத துணிய அடுப்பு மேல புடிச்சுப் புடிச்சு, கை ரெண்டும் வெந்து போயி தேச்சுக் கொண்டாந்தா, அது மேல டம்ளர வெக்கறியே, உனக்குக் கண்ணு மொகத்துல இருக்கா மொதுகுல இருக்கா? உங்கப்பா தொட்டி நெறையட்டும்னு கொழாயத் தொறந்து விட்டுட்டு ஊருக்குப் போனவரு. உங்க பெரியப்பா ரயிலுக்கு நேரமாயிடும்னு முந்தின நாளே ஸ்டேஷன்ல போயி படுத்து, ரயில விட்டுட்டு, தண்டவாளத்த நம்பிக்கைத் துரோகின்னு சொன்னவரு. உங்க தாய்மாமன் பொண்ணு பாக்கப் போன எடத்துல சாஞ்சு தூங்கி, முழிச்சப்ப அந்தப் பொண்ணுக்கு ரெண்டு கொழந்த. இந்தக் கூட்டத்துல வந்து விழுந்தேனே, என்னச் சொல்லணும்."

முதல் 'யோவ்' காதில் விழுந்தபோதே அவர் நெற்றிச் சுருக்கம் நீவினாற்போல் நீங்கிவிட்டது. அப்பா வழியில் உதடு தளர்ந்தது. பெரியப்பா ரயிலை விட்டபோது கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. தாய்மாமன் வரும்போது அவர் போய்விட்டார். இந்த உலகத்தில் இல்லை. விரிப்பு முதுகுக்குக் கீழே, கசங்க வேண்டிய விதத்தில் கசங்கியது.

அக்காவுக்கு அது தெரிந்துபோயிற்று. குரல் ஒரு நொடி உடைந்தது. பிறகு விட்ட இடத்தில் பிடித்து, கையில் பெட்டி இருப்பதுபோல் காற்றில் முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டு, இத்தனை நாள் சேர்த்து வைத்ததையெல்லாம் வட்டியும் முதலுமாக எடுத்து விட்டாள்.

நிறுத்தச் சொல்ல டைரக்டர் கையைத் தூக்கினார். தூக்கின கை மெதுவாகக் கீழே இறங்கி மடியில் படுத்தது. காமிராக்காரர் காமிராவிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். விளக்குப் பிடித்தவர் ஏணியிலேயே உறங்கினார். மேனேஜர் குடையை ஊன்றியபடி நின்றுகொண்டே தூங்கினார். டாக்டர் மட்டும் இரண்டு கண்ணாலும் அழுதார். தனக்கு இப்படித் திட்டுவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னார். அது எழுதிக் கொடுத்த வசனம் அல்ல. 'உங்களைத் தள்ளிவிட்டது' என்று தொடங்கியவர் பெரியவர் மார்பில் தலையை வைத்து அப்படியே கண்ணயர்ந்தார். தள்ளிவிட்டது யார் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் எல்லோரும் எழுந்து பார்த்தால், கையில் இருந்தது அந்த ஒரு காட்சிதான். வேறு எடுக்க நேரமில்லை. அதையே ஒளிபரப்பினார்கள், விருதுக்கும் அதையே அனுப்பினார்கள்.

அன்றைக்கு இரண்டு மணிக்குக் கடையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். அக்காவின் குரல் 'யோவ்' என்று வந்ததும் முதலில் நுரை வாடிக்கையாளர் சாய்ந்தார். அவர் தோளில் சலூன்காரர், சலூன்காரர் தோளில் நர்சம்மா. வெளியே பேருந்து ஒன்று நிறுத்தத்தில் வந்து நின்று, ஏறவேண்டியவர்களும் இறங்கவேண்டியவர்களும் படியிலேயே தூங்க, அங்கேயே நின்றுவிட்டது. எந்தக் கடையிலும் எதுவும் விற்கவில்லை. நாய்கூட பூனைக்குப் பக்கத்தில் படுத்தது. தன் குரல் தனக்கு வேலை செய்யாது என்பதால் ஊரிலேயே விழித்திருந்தவள் அக்கா ஒருத்திதான். மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கைக்குட்டைகளைத் தேய்த்தாள். திரையோரத்தில் துணிமூட்டை மேல் வாயைத் திறந்துகொண்டு நாத்தனார் தூங்கினாள். அப்படியே தம்பி ஜாடை. அக்கா சூடான விரிப்பு ஒன்றை எடுத்துப் போய் அவளுக்குப் போர்த்திவிட்டாள்.

நடுவர்கள் முதலில் போட்டுப் பார்த்தது பெரியவரின் எபிசோடைத்தான். மற்ற இருவருடையதையும் பார்க்க யாரும் எழுந்திருக்கவில்லை. முடிவை அறிவித்தபோது காரணமும் சொன்னார்கள்: ஒரு பாத்திரத்தோடு பார்வையாளர்களை இந்த அளவுக்கு ஒன்றவைத்த நடிப்பை அவர்கள் தங்கள் அனுபவத்தில் கண்டதில்லையாம்.

விழாவுக்குத் தெருவே போயிற்று. பேரைக் கூப்பிட்டபோது அவர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாமென்று அக்கா கையைக் காட்டிவிட்டு, நாத்தனாரை இழுத்துக்கொண்டு தானே மேடை ஏறினாள். விருதைக் கொடுத்தவர், இந்த வெற்றியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒலிவாங்கியை நீட்டினார். நாத்தனார் முந்திக்கொண்டு பிடுங்கினாள்.

"நடிப்புன்னா என்னன்னு இவனுக்குப் பத்து வயசுலயே தெரியும்," என்றாள். "நான் அப்பவே சொன்னேன். யாரும் கேக்கல."

அக்கா அவளைப் பார்த்தாள். பிறகு ஒலிவாங்கியை வாங்கி, கீழே முன்வரிசையில் தலை சாய்ந்து கிடந்த புருஷனைப் பார்த்தாள். புதுச்சட்டையின் கழுத்துப்பட்டி கசங்கிக்கொண்டிருந்தது.

"யோவ்," என்று ஆரம்பித்தாள்.

விழா அத்துடன் முடிந்தது. மிச்ச விருதுகளை மறுநாள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார்கள்.

அந்த விருது இப்போது தேய்ப்பு மேசையில் இருக்கிறது. அடி அகலமாக, கனமாக, சூடு தாங்குகிற உலோகத்தில் செய்தது; கரிப்பெட்டியை நிறுத்தி வைக்க அதைவிட நல்ல தாங்கி கிடைக்காது என்கிறாள் அக்கா. அவர் போர்வைக் குவியலின் மேல் தூங்குகிறார். பெட்டி முன்னே போகிறது, பின்னே வருகிறது. அம்மா வழி வந்தால் துவைகல்லில் ஓங்கி ஓர் அடி விழுகிறது. டாக்டராக நடித்தவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, வேண்டுமென்றே கறைப்படுத்திக் கொடுத்துவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்துவிடுகிறார்.

ஒன்று மட்டும் சொல்ல விட்டுப்போயிற்று, கொடியும் கிளிப்பும் தயாராக இருக்கட்டும்: அந்தத் தொடர் வந்தது வானொலியில்.